லோகோவுக்குப் பின்னால் பூட்டு தெரிகிறதா?

ஆடி வெள்ளிக்கு ஒரு படம், ஆசிரியர் தினத்துக்கு ஒரு படம், பௌர்ணமிக்கும் ஒரு படம். திண்டுக்கல் கடைவீதியில் கடைக்காரர்கள் பலருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் தொடர்ந்து பார்த்துவந்தால், அவர்கள் என்ன விற்கிறார்கள் என்று தெரிவதற்குள் வருஷத்துப் பண்டிகைகள் அத்தனையும் தெரிந்துவிடும். மேலே சாமி படம். கீழே வண்ணப் பட்டையில் கடைப்பெயர், லோகோ, இரண்டு செல்போன் எண்கள். இவற்றைத் தயாராகக் கொடுக்கவே செயலிகள் இருக்கின்றன. சந்தா கட்டிப் பெயரை ஏற்றினால் போதும். அதே பிள்ளையார், அதே பட்டையோடு, பக்கத்துக் கடைக்காரரின் ஸ்டேட்டஸிலும் வந்து நிற்பார்.

பழக்கம் பழையதுதான். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வழிவந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி, அடியில் ஏதோ ஒரு மளிகைக் கடையின் பெயரைத் தாங்கி வீடுதோறும் தொங்கின. அந்தக் காலண்டர் ஒரு வருஷம் சுவரில் இருந்ததற்குக் காரணம் சாமி மட்டுமில்லை. கிழமை, ராகுகாலம், முகூர்த்த நாள் பார்க்க வீட்டாருக்கு அது தேவைப்பட்டது. கடைப்பெயர் அந்தத் தேவையோடு ஒட்டிக்கொண்டு கண்ணில் பட்டது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைகிறது. அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் ஒரு வேலையும் இல்லை. ‘ஒன்றுமே போடாமல் இருப்பதற்கு இதாவது பரவாயில்லை’ என்று சொல்வார்கள். அப்படியும் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் சலித்துப்போனால் சண்டைக்கு வருவதில்லை, அந்த ஸ்டேட்டஸை மியூட் செய்துவிடுகிறார். பிறகு நல்ல படம் போட்டாலும் அவர் கண்ணுக்குப் போகாது.

இதற்காகக் கடையின் முத்திரையோடு படம் போடுவதே வீண் என்று சொல்ல வரவில்லை. அதன் பலத்துக்குச் சாட்சி இதே ஊரில் இருக்கிறது. 1957-இல் நாகசாமி நாயுடு தொடங்கிய கடையின் பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாவைப் பார்த்து ஊர்க்காரர்கள் வைத்த பெயர் தலப்பாக்கட்டி. அந்தப் பெயரும் தலைப்பாகையும் இன்று சென்னையையும் தாண்டிப் போய்விட்டன. எழுத்தைப் படிக்காமலே அடையாளம் தெரிகிறது. இப்படி ஒரே குறியை ஒரே விதமாகக் காட்டிக்கொண்டே இருந்தால் அது மனதில் உட்காரும். சிறிய கடைக்கு இன்னொரு லாபமும் உண்டு. நத்தத்தில் ஒருவர் பார்த்த படம் கைமாறிக் கைமாறித் திருப்பூருக்குப் போய்ச் சேரும்போது, மூலையில் பெயர் இருந்தால்தான் விசாரிக்க ஆள் வரும். படத்தை இன்னொரு கடைக்காரர் எடுத்துப் போட்டுக்கொள்வதற்கும் அது கொஞ்சம் தடை.

ஆனால் தலப்பாக்கட்டி கதையில் வரிசை முக்கியம். முதலில் சீரக சம்பா பிரியாணி, அப்புறம் பெயர், கடைசியில்தான் சின்னம். சாப்பிட்டவர்களுக்கு அந்தத் தலைப்பா ருசியை நினைவூட்டியது. சின்னத்துக்கு மதிப்பு வந்ததும் அதை ஒட்டிய பெயர்கள் முளைத்தன. பெயர்த் தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆக, அடையாளம் கூர்மையாக இருந்தால் திருடவும் ஆள் வரும். வர்த்தக முத்திரையைப் பதிவு செய்யாமல் லோகோவை மட்டும் அழகாக வரைந்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி பூட்டுக்கு வருவோம். முத்திரைப் படத்தின் பலவீனம் முழுதாக வெளிப்படுவது இங்கேதான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். ஆனால் இயந்திரத்தில் செய்து விலை குறைவாக வரும் அலிகார் பூட்டுகள் இந்த ஊர்க் கடைகளிலேயே விற்பனைக்கு இருக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் பளபளவென்று படம் எடுத்து, தங்க நிற எழுத்தில் கடைப்பெயரைப் போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சொல்லப்போனால் இயந்திரப் பூட்டுதான் படத்தில் இன்னும் லட்சணமாக இருக்கும். கைவேலையில் மூலை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். அதை மறைக்கப் படத்தை மெருகேற்றுகிறார்கள். மெருகேற்ற ஏற்ற, எது நம்முடையதோ அது போய்விடுகிறது.

திண்டுக்கல் பூட்டின் பெருமை உள்ளே இருக்கிறது. அடுக்கடுக்கான லீவர்கள், ஒவ்வொரு பூட்டுக்கும் தனியாக அரம் வைத்து ராவிய சாவி, வேறு சாவி போட்டால் அசையாத பிடி. மாங்காய்ப் பூட்டின் மூடியைக் கழற்றி அந்த லீவர்களைக் காட்டும் படம் ஒன்று, லோகோ பதித்த நூறு வாழ்த்துப் படங்களுக்குச் சமம். பட்டறைக்காரரின் கை, கரி, அரம், பாதி முடிந்த சாவி: இவற்றை எந்த டெம்ப்ளேட்டும் கொடுக்காது, அலிகாரிலிருந்து கடன் வாங்கவும் முடியாது. மூலையில் சின்னதாகப் பெயர் இருக்கட்டும், அவ்வளவுதான். புவிசார் குறியீட்டு முத்திரையைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் படத்தில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்தவருக்கே அந்த உரிமை.

சின்னாளப்பட்டி சேலைகளின் சிக்கல் வேறு மாதிரி. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்கடிப் புள்ளியும் அச்சில் பதித்த புள்ளியும் செல்போன் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கடையின் நிறம் என்று எல்லாப் படத்துக்கும் ஒரே ஃபில்டர் போட்டால் அரக்கு சிவப்பாகிவிடும். சேலை கைக்கு வந்ததும் ‘படத்தில் பார்த்த கலர் இது இல்லையே’ என்று திருப்பி அனுப்புவார்கள்.

சில்லறைக் குறைகளும் இருக்கின்றன. விலையைப் படத்திலேயே அச்சடித்துத் தேதி போடாமல் விடுவது அதில் மோசமானது. போன தீபாவளி விலைப் படத்தோடு இந்தத் தீபாவளிக்கு ஆள் வந்து நிற்பார். முகவரியையும் பொருளின் பெயரையும் படத்துக்குள் மட்டும் எழுதினால் தேடுபவருக்கு எளிதில் அகப்படாது, பார்வையற்றவரின் செல்போனும் அதை ஒழுங்காக வாசித்துக் காட்டாது; படத்தின் கீழும் தட்டச்சு செய்ய வேண்டும். டிசைன் மென்பொருளில் சரியாக அமைக்காவிட்டால் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று போகும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள். வேடசந்தூரிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வருகிற வாடிக்கையாளருக்கு ஆங்கிலப் போஸ்டர் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

டிசைனருக்குக் கொடுக்கப் பணமில்லை என்கிற கடைக்காரரின் நியாயம் எனக்கும் புரிகிறது. அவர் செய்ய வேண்டியதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. பண்டிகைச் செயலியின் சந்தாவை நிறுத்திவிட்டு, காலை வெளிச்சத்தில் கடை வாசலில் வைத்துச் சரக்கைப் படமெடுக்கட்டும். மூலையில் பெயர், கீழே விலை, பக்கத்தில் தேதி. பூட்டுக்காரர்கள் மட்டும் தயவுசெய்து மூடியைக் கழற்றிவிட்டுப் படமெடுங்கள்.