பாயிரமும் வாக்குறுதியும்: இந்திய அரசியல் சட்டம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒரு நூலை ஆராயப் புகுவோர் முதற்கண் அதன் பாயிரத்தை நோக்குதல் தமிழர் மரபு. நூலை ஆக்கியோன் யார், அது நுதலிய பொருள் யாது, கேட்போர் யாவர், அதனால் எய்தும் பயன் யாது என்பனவற்றைப் பாயிரம் கூறவேண்டும் என்பர் நம் இலக்கண ஆசிரியர். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி ஏற்கப்பட்டு, 1950 ஜனவரி 26-ல் அமுலுக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தையும் இம்முறையிலேயே ஆராய விரும்புகின்றோம். சட்டம் வக்கீல்களுக்கே உரியதென்று நம்மவரிற் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஆயின் கோடானுகோடி ஏழை மக்களுக்கு எழுத்து மூலமாக வாக்களித்த ஒரு நூலை வக்கீல்கள் மாத்திரம் படித்தாற் போதாது.

இந்நூலின் முகவுரை ஒரே வாக்கியத்தால் ஆயது. "இந்திய மக்களாகிய நாம்" என்பன அதன் முதற் சொற்கள். அங்கு அரசர் பெயர் இல்லை. கடவுள் பெயரும் இல்லை. 1949 அக்டோபர் 17-ல் அரசியல் நிர்ணய சபையில் முகவுரை விவாதத்துக்கு வந்தபோது, கடவுளின் பெயரால் அது தொடங்க வேண்டுமென எச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆதரித்தோர் 41 பேர், எதிர்த்தோர் 68 பேர், திருத்தம் தோற்றது. தாம் கடவுள் நம்பிக்கையுடையவராயிருந்தும் பட்டம் தாணுப்பிள்ளை அதனை எதிர்த்துப் பேசினார். நம்பிக்கையைப் பிறர்மேற் கட்டாயமாகச் சுமத்தலாகாது என்பது அவர் வாதம். ஆகவே ஆக்கியோரும் மக்களே, கேட்போரும் மக்களே என்றாயிற்று.

இனி, பயன் யாது? நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என நான்கினை முகவுரை கூறுகின்றது. இவற்றுள் நான்காவது சொல்லின் வரலாறு கருதத்தக்கது. 1946 டிசம்பர் 13-ல் பண்டித நேரு கொணர்ந்த இலட்சியத் தீர்மானத்தில் அச்சொல் இல்லை. டாக்டர் அம்பேத்கார் தலைமை வகித்த நகல் கமிட்டியே 1948 பிப்ரவரியில் அதனைச் சேர்த்தது. பிரிவினையின் இரத்தம் உலராத காலம் அது. காந்தியடிகள் கொலையுண்டு ஒரு மாதம் நிரம்பவில்லை. சகோதரத்துவம் இல்லாவிடின் சுதந்திரமும் சமத்துவமும் இயல்பாக நில்லா, அவற்றை நிலைநாட்டப் போலீஸ்காரன் ஒருவன் வேண்டியிருக்கும் என்ற கருத்தினை 1949 நவம்பர் 25-ல் அம்பேத்கார் அச்சபையிலேயே எடுத்துரைத்தார். கோர்ட்டு உத்தரவால் ஒருவனுடைய சொத்தை மீட்கலாம். ஒருவனை மற்றொருவன் உடன்பிறந்தானாக எண்ணும்படி செய்தல் இயலாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டே நூலின் 4-ஆம் பகுதியைப் படித்தல் வேண்டும்.

அப்பகுதி 36 முதல் 51 வரையுள்ள ஷரத்துக்களைக் கொண்டது. ராஜ்யத்துக்கு வழிகாட்டும் கோட்பாடுகள் எனப்படும். வாழ்க்கைக்குப் போதிய கூலி, ஆண் பெண் இருபாலார்க்கும் சம வேலைக்குச் சம ஊதியம், குழந்தைகட்குக் கல்வி, நலிந்தோர்க்குப் பாதுகாப்பு முதலியன அங்கே உள்ளன. 43-வது ஷரத்து, விவசாயத் தொழிலாளியாயினும் ஆலைத் தொழிலாளியாயினும், அவனுக்குக் கூலியோடு ஓய்வும் வேண்டும் என்கின்றது. வெயிலிலும் மழையிலும் உழைப்போர்க்கு ஓய்வும் ஓர் உரிமைப் பொருளே என்று ஒரு தேசத்தின் சட்ட நூல் கூறுவது சிறிய காரியமன்று.

நிற்க. 37-வது ஷரத்து இவையனைத்துக்கும் ஒரு தடை இடுகின்றது. இக்கோட்பாடுகளை எந்தக் கோர்ட்டின் மூலமும் நிறைவேற்றிக்கொள்ள முடியாது என்பது அதன் முற்பாதி. ஆயினும் நாட்டை ஆள்வதற்கு இவை அடிப்படையானவை, சட்டம் இயற்றுங்கால் இவற்றைக் கைக்கொள்ளுதல் ராஜ்யத்தின் கடமை என்பது பிற்பாதி. இரு பாதிகளையும் இணைப்பது "ஆயினும்" என்னும் ஒரு சொல். அச்சொல்லிலேதான் இந்நூலின் பெருமையும் குறையும் அடங்கியிருக்கின்றன என்பது நம் கருத்து.

பேராசிரியர் கே. டி. ஷா 1948-லேயே இக்குறையைக் கண்டார். பாங்கிக்கு வசதிப்படும்போது பணம் தரப்படும் என்ற நிபந்தனையோடு எழுதிய செக்குக்கு அவர் இப்பகுதியை ஒப்பிட்டார். பேரேடு எழுதிப் பழகிய நமக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும்; தவணை குறியாத கடனை வாராக்கடன் என்றே எவரும் எண்ணுவர். அம்பேத்கார் கூறிய மறுமொழி வேறு. ஆட்சிக்கு வருவோர் இவற்றை மீறினால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியதில்லை, தேர்தலில் வாக்காளர் முன் பதில் சொல்லியாக வேண்டும் என்றார் அவர்.

இருவருள் எவர் கூற்று மெய்யாயிற்று? நிகழ்ச்சிகளே விடை பகரும்.

சென்னை ராஜ்யத்துக் கல்லூரிகளில் இடங்களைப் பங்கிட்ட வகுப்புவாரி உத்தரவைக் காக்க, நலிந்த மக்களின் கல்வியைப் பேணுக என்னும் 46-வது ஷரத்தைச் சென்னை சர்க்கார் துணைக்கழைத்தது. 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு அதனை ஏற்கவில்லை. கோட்பாடுகள் அடிப்படை உரிமைகளுக்குக் கீழ்ப்பட்டே நடக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. சென்னை ராஜ்யத்தில் எழுந்த கிளர்ச்சியில் பெரியார் ஈ. வெ. ரா. முன்னின்றார். அவ்வாண்டிலேயே முதலாவது திருத்தம் நிறைவேறி, பிற்பட்ட வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்ய 15-வது ஷரத்தில் வழி பிறந்தது. கோர்ட்டில் தோற்ற கோட்பாடு மக்கள் மன்றத்தில் வென்றது.

அதே ராஜ்யத்தில் 1956-ல் காமராஜர் ஆட்சி பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிற்று. எந்தக் கோர்ட்டும் அதனைச் செய்யுமாறு கட்டளையிடவில்லை. 2001 நவம்பர் 28-ல் சுப்ரீம் கோர்ட்டு, இந்தியா முழுவதுமுள்ள சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு உத்தரவிட்டது. ஓரிடத்தில் மனமுவந்து செய்த அறம் 45 ஆண்டுகட்குப் பின் எல்லார்க்கும் கட்டளையாயிற்று. கூலி விஷயத்திலும் இத்தகைய மாறுதல் உண்டு. 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டட வேலையாட்கள் பற்றிய வழக்கில், சட்டம் குறித்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குதல் 23-வது ஷரத்து தடுத்த கட்டாய வேலையேயாகும் என்று அக்கோர்ட்டு கூறிற்று. 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில், உரிமைகளும் கோட்பாடுகளும் தம்முள் இசைந்து நிற்றலே சட்டத்தின் அடிப்படை அமைப்பு என்று தீர்ப்பாயிற்று. 1951-ல் கீழ்ப்பட்டதென ஒதுக்கப்பட்ட பகுதி இவ்வாறு சம ஆசனம் பெற்றது.

இவ்வளவும் அம்பேத்காரின் பக்கம். ஷாவின் பக்கத்தையும் மறைத்தலாகாது. 4-ஆம் பகுதியில் தவணை குறித்த ஷரத்து ஒன்றே: 45-வது. 14 வயது நிரம்பும்வரை எல்லாக் குழந்தைகட்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க, 10 ஆண்டுகளுக்குள் ராஜ்யம் முயல வேண்டும் என்றது அது. 1960 வந்தது, போயிற்று. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு அக்கல்வியை உரிமையென்று கூறியது. 2002-ல் 86-வது திருத்தம் அதனை 21-ஏ ஷரத்தாக எழுதியது. அதற்குரிய சட்டம் 2010 ஏப்ரல் 1-ல்தான் அமுலாயிற்று. 1950-ல் 6 வயதாயிருந்த குழந்தைக்கு 2002-ல் 58 வயது. அன்றியும், பழைய ஷரத்து கீழெல்லை எதுவும் குறிக்கவில்லை. புதிய உரிமையோ 6 வயது முதற்கொண்டே தொடங்குகின்றது. அதற்குட்பட்ட சிறு குழவிகள் மறுபடியும் ராஜ்யம் முயலும் என்ற வாசகத்துக்கே விடப்பட்டனர். செக்கு மாறியது மெய்; முழுத் தொகையும் மாறவில்லை.

இவற்றால் நாம் கொள்ளும் முடிபு இது. தவணையும் தண்டனையும் குறியாத வாக்குறுதி குறையுடையதே. ஆயினும் அதனை எழுதாது விட்டிருப்பின், கேட்போர்க்குச் சுட்டிக்காட்ட ஒரு வரியும் இராது. 1951-ல் கிளர்ந்தெழுந்தோரும், உணவுக்காகவும் கூலிக்காகவும் வழக்காடினோரும் அந்நூலைப் பூட்டிவைத்துப் போற்றவில்லை. திறந்து படித்துத் தமக்குரியதைக் கேட்டனர். 43-வது ஷரத்துக் கூறும் வாழ்க்கைக் கூலிக்கு இன்றளவும் தவணை எழுதப்படவில்லை. அதனை எழுதுவிக்க வேண்டியவர், பாயிரத்தின் முதற்கண் நிற்கும் அந்த "நாம்" என்போரே.