அழவைத்தால் போதுமா?

மலேசியாவில் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வு நெருங்கினால் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரங்களில் தன்முனைப்பு முகாம்கள் களைகட்டும். கோயிலில் அர்ச்சனை முடிந்து, சாமி பாதத்தில் வைத்தெடுத்த பேனா கைக்கு வரும். பிறகு மண்டபத்தில் விளக்கை அணைப்பார்கள். "அம்மா பால்மரம் சீவி உன்னைப் படிக்க வைத்தாள்" என்று பேச்சாளரின் குரல் தழுதழுக்கும். பிள்ளைகள் தேம்பி அழுவார்கள். அவர்களில் பலருடைய அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர், மரம் சீவியது பாட்டி. பேச்சாளர் மட்டும் இன்னும் தோட்டத்தை விட்டு வெளியேறவில்லை.

ஆனாலும் இதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட முடியாது. தோட்ட நிர்வாகங்கள் பல பள்ளி நடத்தியது 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான். லயத்துப் பிள்ளை படித்தாலும் கடைசியில் தோட்ட வேலைக்கான பெரட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் தலைமுறைகளாக ஊறிப்போயிருந்தது. அங்கே "உன்னால் முடியும்" என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பத்துமலைக்குக் கல்வி யாத்திரை நடத்தியது. அதோடு நில்லாமல் டியூஷன் வகுப்பும் நடத்தியது. அதன் பலம் யாத்திரையைவிட வகுப்பில்தான் இருந்தது என்பது என் கணிப்பு. பின்னால் வந்த முகாம்கள் பலவும் உணர்ச்சியை எடுத்துக்கொண்டு பயிற்சியை விட்டுவிட்டன.

மனப்பான்மையை மாற்றினால் பலன் உண்டா என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. அறிவு உழைப்பால் வளரும் என்று உணர்த்தும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடத்தை அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சுமார் 12,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-இல் 'நேச்சர்' இதழில் வந்த முடிவின்படி, பின்தங்கிய மாணவரின் சராசரித் தரப்புள்ளி (ஜிபிஏ) 0.1 உயர்ந்தது. சிறிய பலன்தான், ஆனால் உண்மையானது. சவாலான பாடத்தை ஏற்பதைச் சக மாணவர்களும் மதித்த பள்ளிகளில்தான் அது நன்றாக எடுபட்டது. அப்படியென்றால் மனப்பான்மை மாணவன் ஒருவனின் சொந்தச் சரக்கல்ல, வகுப்பறைக்கும் அதில் பங்குண்டு.

நம் வகுப்பறைக்கு வருவோம். ஈப்போவும் சுங்கை சிப்புட்டும் இருக்கும் பேராக்தான் நாட்டிலேயே அதிகத் தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம். ஆறாண்டு தமிழில் படித்த பிள்ளை படிவம் 1-இல் மலாய் வழிக்கு மாறுகிறது. ஆறாம் ஆண்டில் முதல் ஆளாகக் கை தூக்கியவன் இப்போது கடைசி வரிசையில். வரலாற்றுத் தாளில் 'ஞாத்தாக்கான்' என்றால் ஒரு வரி போதும், 'ஹுராய்கான்' என்றால் விளக்கி எழுத வேண்டும். அதை அவனுக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. தெரிந்த விடைக்கும் மதிப்பெண் குறைகிறது. சில மாதங்களில் வாய் மூடிப்போகிறது. ஆசிரியர் 'மாலாஸ்' என்கிறார், வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். படிவம் 5-இல் பேச்சாளரும் வந்து "உன் மனப்பான்மையை மாற்று" என்கிறார்.

முகாமின் பெரிய குறை இதுதான். பழி முழுவதும் பிள்ளையின் தலையில் விழுகிறது. பாடம் எங்கே அறுந்தது என்று கேட்க ஆளில்லை. 2021-இல் ஆறாம் ஆண்டின் யூபிஎஸ்ஆரும் 2022-இல் மூன்றாம் படிவத்தின் பிடி3-யும் ஒழிந்தபின் எஸ்பிஎம் வரை பொதுத் தேர்வே இல்லாமல் போனது. தேர்வை நம்பிப் பிழைக்கும் முகாம் இனி இன்னும் தாமதமாகத்தான் வரும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேனருக்கும் பேச்சாளருக்கும் செலவழிக்கும் பணத்தில், படிவம் 1 பிள்ளைகளுக்கு முதல் சில மாதங்கள் வாரம் இரண்டு மாலை மலாயில் விடை எழுதப் பழக்குங்கள். அதே தாமானில் பல்கலைக்கழகம் போகும் அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்களையே சொல்லிக்கொடுக்க அழையுங்கள். அர்ச்சனை வழக்கம்போல் நடக்கட்டும்.