பல் ஸ்கேனர்: துல்லியம் எதுவரை?

வாய்க்குள் விட்டு அளவெடுக்கும் ஸ்கேனரை விற்க வருபவர்கள் முதலில் நீட்டுவது மைக்ரான் கணக்கைத்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். அந்த எண் ஒரு பல்லுக்கு எடுத்ததா, முழுத் தாடைக்கு எடுத்ததா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

த்ரீஷேப்பின் ட்ரையாஸ் 5, மெடிட் ஐ700, டென்ஸ்ப்ளை சிரோனாவின் பிரைம்ஸ்கேன் ஆகிய மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் தாடையில் ஓட்டிப் பார்த்தேன். ஐ700-ன் எடை 245 கிராம்தான். முனையைத் திருப்பி மாட்டலாம் என்பதால் மேல்தாடைக்குப் போகும்போது மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை. ட்ரையாஸ் 5-ல் நாம் கேலிபரேஷன் செய்யும் வேலையே கிடையாது. பிரைம்ஸ்கேன் கனமானது, தலையும் பெரிது. ஆனால் ஒரே பார்வையில் அது பிடிக்கும் பரப்பு தாராளம்.

துல்லியம் என்பதை ஐஎஸ்ஓ 5725 தரவிதி இரண்டாகப் பிரிக்கிறது. உண்மை அளவுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது ஒன்று. திரும்பத் திரும்ப எடுத்தால் அதே அளவு வருகிறதா என்பது மற்றொன்று. ஒரே தவறை ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் செய்யும் கருவியும் உண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒற்றைப் பல்லுக்கு கேப் போடுவதென்றால் மூன்றில் எது வாங்கினாலும் கவலையில்லை. கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரான் இடைவெளி வரை ஏற்கலாம் என்று மெக்லீனும் ஃபான் ஃபிரான்ஹோஃபரும் 1971-ல் சொன்னதைத்தான் இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஒரு பல்லை ஸ்கேன் செய்வதில் வரும் பிழை அதற்குள் தாராளமாக அடங்கிவிடும்.

சோதனை முழுத் தாடையில்தான். ஸ்கேனரின் கண்ணுக்கு ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பற்கள்தான் தெரியும். அந்தத் துண்டுகளை மென்பொருள் ஒட்டிக்கொண்டே போகிறது. நீளச் சுவரை அரையடி ஸ்கேலால் அளப்பது மாதிரி, ஒவ்வொரு ஒட்டிலும் விழும் சிறு பிழை அடுத்த முனைக்குப் போவதற்குள் பெருகிவிடும். கீழ்த்தாடையின் முன்பற்களில் இது அதிகம். அவை மெல்லியவை, ஒன்றுபோல இருப்பவை. மென்பொருளுக்குப் பிடிமானம் கிடைக்காது.

இதை மறைக்க ஒரு வழி இருக்கிறது, வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். லேப் ஸ்கேனரின் படத்தோடு நம் ஸ்கேனை ஒப்பிடும்போது மென்பொருள் இரண்டையும் சராசரியாகப் பொருத்திவிடும். பிழை தாடை முழுக்கப் பரவி, விலகலைக் காட்டும் வண்ணப்படம் பச்சைப்பசேல் என்று வரும். வலது கடைவாய்ப்பல்லில் மட்டும் பொருத்தச் சொல்லி இடது கோடியைப் பாருங்கள். பச்சை மெல்ல மஞ்சளாகி, சிவப்புக்குப் போவது தெரியும். எந்த ஸ்கேனரானாலும் இப்படிப் பார்த்தால்தான் அதன் உண்மையான எல்லை புரியும்.

பிளாஸ்டிக் தாடையில் எச்சில் ஊறாது, ரத்தம் கசியாது. நிஜ வாயில் ஸ்கேனர் பார்ப்பது வெளிச்சம் படும் இடத்தை மட்டுமே. ஈறுக்குள் இறங்கிய விளிம்பில் ஒரு சொட்டு ரத்தம் நின்றால் திரையில் அது பல்லின் மேடாகப் பதிவாகும். மென்பொருள் அதை இழைத்து அழகாக்கியும் கொடுத்துவிடும். லேப்பிலிருந்து வரும் கேப் அந்த இடத்தில்தான் இடிக்கும். கார்டு வைத்து ஈறை ஒதுக்கி, நன்றாக உலர்த்தி, நாற்காலி விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். பத்து மைக்ரான் கூடுதல் துல்லியத்துக்குக் கொடுக்கும் காசைவிட இந்தக் கவனம் அதிகம் உதவும்.

கேப்பும் சிறு பிரிட்ஜும்தான் உங்கள் கிளினிக்கின் பெரும்பகுதி வேலை என்றால் என் ஓட்டு ஐ700-க்கு. விலையும் கை சுகமும் அதன் பக்கம். முழுத் தாடை வேலை அடிக்கடி வருகிறவர்கள் பிரைம்ஸ்கேனைப் பார்க்கலாம். வெளியான ஒப்பீட்டு ஆய்வுகள் பலவற்றில் அங்கே அது முன்வரிசையில் இருக்கிறது. பற்களே இல்லாத தாடையில் நான்கு, ஆறு இம்ப்ளான்ட்களை ஒரே சட்டத்தில் இணைக்கும் வேலைக்கு மட்டும் இந்த மூன்றில் எதையும் தனியாக நம்ப மாட்டேன். அதற்கு ஃபோட்டோகிராமெட்ரி கருவி வேண்டும். இல்லாவிட்டால் ட்ரேயில் இம்ப்ரெஷன் எடுக்கும் பழைய வழியே பத்திரம்.