புல் தெரிந்ததும் முடிந்துவிடும் படம்

'கிராஸ்' என்ற மௌனப் படத்தை முதன்முறை பார்த்தது ஒரு ரிலீஸ் முடிந்த இரவில். நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. பனிமலையில் வெறுங்காலோடு ஏறும் அந்த முடிவில்லாத மனித வரிசையைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 'இதுதான்டா வாழ்க்கை' என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். இப்போது திரும்பிப் பார்த்தால், படத்தைவிட அந்த மெசேஜ்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

1925இல் வெளியான படம். மெரியன் கூப்பர், எர்னஸ்ட் ஷோட்சாக், மார்கரெட் ஹாரிசன் என்ற மூன்று அமெரிக்கர்கள் எடுத்தது. முதல் இருவரும் பிற்பாடு 'கிங் காங்' எடுத்தவர்கள். தென்மேற்கு ஈரானில் லூர் இனத்தின் பெரும் பிரிவான பக்தியாரிகள், குளிர்கால மேய்ச்சல் தீர்ந்ததும் மந்தைகளோடு ஸாக்ரோஸ் மலைகளைத் தாண்டிக் கோடைப் புல்வெளிக்குப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். ஐம்பதாயிரம் பேர், ஐந்து லட்சம் கால்நடைகள் என்கிறது டைட்டில் கார்டு.

காரூன் நதியைக் கடக்கும் பகுதிக்கு ஈடாக இன்றும் அதிகம் சொல்ல முடியாது. ஊதிக் கட்டிய ஆட்டுத்தோல்கள்தான் தெப்பம். சுழித்தோடும் நீரில் ஆடுகளும் குழந்தைகளும் போகிறார்கள். அடுத்து ஸர்த் கூஹ் மலை. முன்னே போகிறவர்கள் பனியைத் தோண்டிப் பாதை போட, பின்னால் ஒரு சமூகமே வளைந்து வளைந்து ஏறுகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. அந்தக் குளிர் நிஜம்.

பொய் டைட்டில் கார்டுகளில் இருக்கிறது. காலத்தில் பின்னோக்கிப் போய் ஆதி மனிதர்களைக் கண்டுபிடித்ததாக அவை பேசுகின்றன. ஆனால் 1909இல் பக்தியாரிப் படைகள் தெஹ்ரானுக்குள் நுழைந்ததும் அரசியல் சாசனத்துக்கு எதிரான ஷா பதவி இழந்ததும் வரலாறு. 1908இல் எண்ணெய் பீறிட்ட மஸ்ஜிதே சுலைமான் இவர்களுடைய குளிர்கால நிலப்பகுதி. அதற்கு முன்பே பிரிட்டிஷ்காரர்களோடு உட்கார்ந்து பங்கு பேசி முடித்திருந்தார்கள் இவர்களின் கான்கள். கற்காலத்தில் எவன் எண்ணெய்க் கம்பெனியில் பங்கு கேட்டான்?

ஒரு படத்தில் எல்லாமே இருக்கணுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம்தான். ஆனால் படம் எதில் முடிகிறது என்று பாருங்கள். புல்வெளி வந்த பிறகு, இந்த மலைவழியைக் கடந்த முதல் வெளிநாட்டவர் இவர்கள்தான் என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறார்கள். அவ்வளவு பேர் நடந்த நடை, கடைசியில் மூன்று பேரின் சாதனையாகிவிடுகிறது.

படம் வந்த அதே 1925இல்தான் ரெஸா ஷா அரியணைக்கு வந்தார். 1930களில் நாடோடிகளைப் பலவந்தமாகக் கிராமங்களில் குடியமர்த்தினார். இடம் பெயர விடாததால் மந்தைகள் ஏராளமாக அழிந்தன. 1941இல் அவர் விலகியதும் பலர் மறுபடி நடக்கத் தொடங்கினார்கள். பிறகு நிலச் சீர்திருத்தம், பள்ளிக்கூடம், கூலி வேலை என்று ஒவ்வொன்றாக வந்து, இன்று பெரும்பாலானவர்கள் ஊர்களில்தான் வாழ்கிறார்கள். நடந்தவரை அவர்கள் காவியம். உட்கார்ந்த பிறகு யாருக்கும் அவர்கள் கதை தேவைப்படவில்லை.

எனக்கும்தான். போன மாதம் அதே மலைப்பக்கத்தில் உள்ள சர் ஆகா செய்யத் என்ற பக்தியாரிக் கிராமத்தின் போட்டோக்களைப் பார்த்தேன். சரிவில் படிபோல் அடுக்கிய மண்வீடுகள். கீழ்வீட்டுக் கூரைதான் மேல்வீட்டு முற்றம். விரல் தானாக அதே மெசேஜை டைப் பண்ணப் போனது. அப்புறம்தான் படித்தேன், குளிர்காலத்தில் பனி பாதையை அடைத்துவிடுமாம். அந்த நாட்களில் ஒருத்திக்குப் பிரசவவலி எடுத்தால்?

டைப் செய்ததை அழித்தேன். கூப்பர் விட்ட இடத்தில் அந்தக் கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கிற படம் 'கிராஸ்' அளவுக்கு அழகாக இல்லாவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை.