மூன்று விலங்குகளும் ஒரு பாடகரும்

பிங்க் ஃப்ளாய்டின் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தைக் கேட்கச் சொன்னால் நண்பர்களிடமிருந்து வழக்கமாக வரும் பதில்: “அந்தப் பன்றி பறக்குற அட்டைதானே?” ஆமாம், அதேதான். லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு நடுவே மிதக்கும் காற்றடைத்த பன்றி. 1976 டிசம்பர் 3 அன்று படம் எடுக்கும்போது கயிறு அறுந்து பறந்துபோய், ஹீத்ரோவின் விமானங்களைக் குழப்பிவிட்டு, கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் இறங்கியது. சுவாரஸ்யமான கதைதான். ஆனால் அந்தக் கதையோடு நின்றுவிட்டால் ஆல்பம் கைநழுவிப் போய்விடும்.

1977 ஜனவரியில் வந்த இந்த ஆல்பத்தில் மொத்தமே ஐந்து பாடல்கள். நடுவில் நீளமான மூன்று: நாய்கள், பன்றிகள், ஆடுகள். முதலிலும் கடைசியிலும் ஒன்றரை நிமிடம்கூட வராத ஒரே பாடலின் இரு பாதிகள். முதல் தடவை கேட்டு முடித்ததும் நான் செய்த காரியம், ஆபீஸில் யார் நாய், யார் பன்றி, யார் ஆடு என்று மனசுக்குள் பட்டியல் போட்டதுதான். அதில் என் பெயர் எங்கேயும் இல்லை.

இது ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யைப் பாட்டாக்கியது என்பார்கள். பாதிதான் சரி. 1945-இல் ஆர்வெல் குறிவைத்தது ஸ்டாலினின் ரஷ்யாவை. அங்கே நாய்கள் தலைவனின் அடியாட்கள். ரோஜர் வாட்டர்ஸின் நாய்களோ டை கட்டியவை. சிரித்துக் கை குலுக்கி, அசந்த நேரம் பார்த்துக் கடிப்பவை. அவருடைய குறி முதலாளித்துவம். விலைவாசி ஏறி, பிரிட்டன் ஐ.எம்.எஃப்-இடம் கடனுக்குப் போய் நின்ற காலம் அது. பன்றிகளோ ஊருக்கு ஒழுக்கம் போதிப்பவர்கள். தொலைக்காட்சியில் ‘ஆபாசம்’ தேடிப் போராடிய மேரி வைட்ஹவுஸைப் பெயர் சொல்லியே திட்டுகிறார்.

ஆர்வெல்லின் ஆடுகள் கோஷம் மட்டும் போடும். இங்கே அவை திருப்பி அடிக்கின்றன, நாய்களைத் தீர்த்துக்கட்டுகின்றன. புரட்சி ஜெயித்ததா என்றால், அதுதான் இல்லை. நாய்கள் செத்த சேதி சொன்ன கையோடு, வீட்டுக்குள் இருங்கள், சொன்னபடி நடங்கள் என்கிறது பாட்டு. ஆனால் அந்த இடத்தில் கில்மரின் கிட்டார் கொண்டாடித் தீர்க்கிறது. வரிகள் வீட்டுக்குப் போகச் சொல்கின்றன. கிட்டாருக்குப் போக மனசில்லை. எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்த முரண் இது.

சரி, மனிதர்களை மூன்று கூடையில் பிரித்துப் போடும் இந்தப் பாடகர் எங்கே நிற்கிறார்? மேலே எங்கேயோ நின்றுகொண்டு பார்ப்பவர் மாதிரிதான் முதலில் தெரிகிறது. 1977 ஜூலை 6, மாண்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியம். இந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின் கடைசி நாள். மேடைக்கு முன்னால் கத்திக்கொண்டிருந்த ரசிகர் ஒருவர் மீது வாட்டர்ஸ் எச்சில் துப்பினார். ஆடுகளுக்காகப் பாடியவருக்கு, எதிரே நின்றவர்கள் வெறும் மந்தையாகத் தெரிந்த கணம். செய்த காரியம் அவரையே திடுக்கிட வைத்தது. 1979-இல் வந்த ‘தி வால்’ அங்கே முளைத்ததுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்த இரண்டு குட்டிப் பாடல்கள் எனக்குப் பிடிபட்டன. வெறும் கிட்டாரோடு காதலிக்காகப் பாடியவை. ஆல்பத்துக்கு ஒட்டாதவை என்று நானே தாண்டிப் போயிருக்கிறேன். கடைசிப் பாதியில் வாட்டர்ஸ் தன்னை ஆடு என்று சொல்லிக்கொள்ளவில்லை. நாய் என்கிறார், ஒண்டிக்கொள்ள இடம் தேடும் நாய். இந்த ஒப்புதல் மட்டும் இல்லாவிட்டால், நாற்பது நிமிடமும் அடுத்தவரைத் திட்டுவதாகவே முடிந்திருக்கும். அரசியல் பாடல்களில் கோபத்துக்குப் பஞ்சமே கிடையாது. ‘நானும் இதில் ஒருத்தன்’ என்பது அபூர்வம். அதைப் பாடிய மனிதரே ஆறு மாதத்தில் மேடையிலிருந்து துப்பினார் என்பது ஆல்பத்தைப் பொய்யாக்கிவிடாது. தெரிந்திருப்பதும் அப்படி நடந்துகொள்வதும் வேறு வேறு என்றுதான் காட்டுகிறது.

அந்த மின்நிலையத்தில் இன்று ஆடம்பரக் குடியிருப்புகளும் ஆப்பிள் அலுவலகமும் இருக்கின்றன. வாட்டர்ஸ் பாடிய நாய்களுக்குப் பிடித்த முகவரியாகத்தான் இருக்கும். கேட்கிறதென்றால் வரிசையாகக் கேளுங்கள். முதலும் கடைசியும் சின்னதுதானே என்று தாண்டிவிடாதீர்கள். பட்டியல் போடத் தோன்றினால், முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.