இளங்கலை மாணவரும் ஆராய்ச்சியும்

ஆராய்ச்சி பட்டம் பெற்றபின் மேற்கொள்ளற்குரியது. இளங்கலை மாணவர்க்கு அஃது ஏலாது என்பர் பலர். இக்கூற்று ஒருபுடை உண்மையாயினும் முற்றும் ஏற்புடைத்தன்று.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகர், 1928இல் அங்கு வந்த செருமானிய அறிஞர் சொமர்பெல்டைக் கண்டார். தாம் கற்ற அணுக்கொள்கை பழையதாயிற்றென அவர் வாயிலாக அறிந்து, புதியதனைத் தாமே பயின்று கட்டுரையொன்று வரைந்தார். அது 1929இல் இலண்டன் றோயல் சங்க வெளியீட்டில் வந்தது. அப்பொழுது அவர் பட்டம் பெற்றிலர். அவர்தம் மதிநுட்பத்துடன், அச்சேறாத தம் கட்டுரையையும் அம்மாணவருக்கு அளித்த அறிஞரின் பெருந்தன்மையும் ஈண்டுக் கருதற்பாலது.

நம் நாட்டிற் சிறப்புப் பட்ட மாணவர் பலர் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதுகின்றனர். பரீட்சையும் உடன் நெருக்குதலின் காலம் போதாது. வழிகாட்டும் ஆசிரியர்க்கோ மாணவர் பலர். இந்நிலையில், 'ஈழத்து நாவல் வளர்ச்சி' போன்ற பெருந்தலைப்பை மேற்கொள்பவர் பிறர் கூறியவற்றைத் தொகுத்துரைப்பதோடு அமைய நேர்கின்றது. குறை மாணவரிடத்தன்று, தலைப்பிடத்தேயாம்.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. வீடுகளில் எஞ்சியவற்றையோ செல் அரிக்கின்றது. தன்னூர்ச் சுவடியொன்றைப் படியெடுத்து, பாடம் ஒப்புநோக்கி, அதன் காலத்தை ஆராயும் மாணவன் பேரறிஞரும் செய்யாத பணியைச் செய்தவனாவான். அவன் முடிபு பிழைபடினும் படி நின்று பயன்தரும்.

ஆகவே, தலைப்பைச் சுருக்குக, சான்றைத் தேடுவிக்க, குறிப்பை மனனஞ் செய்விக்கும் வழக்கத்தைப் பாடசாலையிலேயே தளர்த்துக. இவை ஆசிரியராகிய நம் கடன்.