கோடை, வசூல், பாட்டு: ‘மம்மா மியா’வை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

‘படம் ஓடுமா?’ என்ற கேள்வியை வணிகக் கேள்வி என்று ஒதுக்கி வைப்பது நம் வழக்கம். விநியோகஸ்தர் கேட்கட்டும், தியேட்டர்க்காரர் கேட்கட்டும், அது அவங்க பாடு. விமர்சகனுக்கு இதில் என்ன வேலை? ஆனால் ‘ஓடுமா’ என்பதற்குள் ‘யார் வந்து பார்த்தால் ஓடியதாகக் கணக்கு’ என்கிற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த ஒளிந்த கேள்வியை வெளியே இழுத்துப் போடுவது விமர்சனத்தின் வேலைதான்.

இதற்கு ஹாலிவுட்டின் கோடைகாலத்தைவிட நல்ல களம் கிடையாது. மே தொடங்கி ஆகஸ்ட் வரை அங்கே முகமூடி வீரர்களின் ராச்சியம். அதன் நடுவே ஒரு ‘மியூசிக்கல்’ வந்து நின்றால் போதும், ‘இது தாங்குமா’ என்று வணிகப் பத்திரிகைகள் ஆரூடம் சொல்லத் தொடங்கிவிடும். பாட்டில்லாத படமே அபூர்வம் என்று பழகிய நமக்கு இந்த வகைப் பெயர் கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றலாம். அங்கே பாத்திரம் பேச்சை விட்டுப் பாட்டுக்குத் தாவுவது தனியொரு வகைமை. அதற்குத் தனி ரசிகர், தனிச் சந்தேகம்.

2008 ஜூலை 18. அமெரிக்காவில் ஒரே நாளில் இரண்டு படங்கள். ஒன்று கிறிஸ்டோபர் நோலனின் ‘தி டார்க் நைட்’. தயாரிப்புச் செலவு ஏறத்தாழ 18.5 கோடி டாலர். மற்றது ஸ்வீடனின் ‘ஆபா’ குழுவின் பாட்டுகளைக் கோர்த்து 1999இல் லண்டன் மேடையேறிய இசை நாடகத்தின் திரை வடிவம், ‘மம்மா மியா’. செலவு 5.2 கோடி. இயக்கியவர் ஃபிலிடா லாயிட், எழுதியவர் கேத்தரின் ஜான்சன், தயாரித்தவர் ஜூடி கிரேமர்; மூவரும் பெண்கள். நாயகி மெரில் ஸ்ட்ரீப்புக்கு அப்போது 59 வயது. பேட்மேனுக்கு எதிரே இதைக் கொண்டு நிறுத்துவதா? முதல் வாரக் கடைசியின் கணக்கு: பேட்மேன் 15.84 கோடி டாலர், அன்றைய தேதியில் அது சாதனை. ‘மம்மா மியா’ 2.78 கோடி. அடி என்றால் அடி, மரண அடி. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

2

முதல் மூன்று நாள் வசூலை வைத்து ஒரு படத்தின் சாதகத்தைக் கணிக்கும் வழக்கம் இயற்கையாக வந்ததில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1965இல் வந்த ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ குறைந்த அரங்குகளில், இருக்கையை முன்பதிவு செய்து பார்க்கும் முறையில் தொடங்கி, மாதக் கணக்கில் ஓடிய படம். மெதுவாகப் பரவுவதுதான் மியூசிக்கலின் காலம். அதைப் பார்த்து ஆசைப்பட்ட ஸ்டூடியோக்கள் ‘டாக்டர் டூலிட்டில்’ (1967), ‘ஸ்டார்!’ (1968), ‘ஹலோ, டாலி!’ (1969) என்று பணத்தைக் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டன. 1975 ஜூனில் ‘ஜாஸ்’ வந்தது. தொலைக்காட்சியில் விளம்பரத்தைக் கொட்டி, நாடெங்கும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அரங்குகளில் இறக்கியதும் கோடையின் இலக்கணம் மாறிப்போனது.

இதன் பின்னே ஒரு பங்குக் கணக்கும் இருக்கிறது. வழக்கமான ஒப்பந்தத்தில் முதல் வாரங்களின் வசூலில் ஸ்டூடியோவின் பங்கு அதிகம். வாரம் போகப் போக அரங்குக்காரரின் பங்கு கூடும். ஆகவே ஸ்டூடியோவுக்குக் கூட்டம் உடனே வேண்டும். வெள்ளிக்கிழமை இரவே ஓடி வருகிறவன் யார்? வேலை முடித்து வீடு திரும்பிச் சமைக்க வேண்டியில்லாதவன், குழந்தையை யாரிடம் விடுவது என்று யோசிக்க வேண்டியில்லாதவன். ‘பொதுப் பார்வையாளன்’ என்று வணிகச் சொல்லாடல் கட்டமைத்து வைத்திருப்பது இந்த இளைஞனைத்தான். ‘ஓப்பனிங்’ என்ற அளவுகோல் அவன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

‘மம்மா மியா’வுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள், முப்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் முதல் நாளே வந்துவிடவில்லை. வந்தார்கள், தோழியரைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்தார்கள். கூடச் சேர்ந்து பாடுவதற்கென்றே பாடல் வரிகள் ஓடும் பிரதி ஆகஸ்ட் இறுதியில் அரங்குகளுக்கு வந்தது. கடைசியில் அமெரிக்காவில் மட்டும் 14.4 கோடி, அதாவது முதல் வாரக் கடைசியைப்போல் அய்ந்து மடங்குக்கும் மேல். பேட்மேன் 53 கோடியைத் தாண்டினாலும் அவனுடைய மடங்கு மூன்றரைக்கும் குறைவு. உலகெங்கும் சேர்த்து ‘மம்மா மியா’ 60 கோடி டாலரைக் கடந்தது. பிரிட்டனில் ‘டைட்டானிக்’ வைத்திருந்த வசூல் சாதனையை 2008 முடிவதற்குள் முறியடித்தது.

3

இத்தனைக்கும் படம் அப்படியொன்றும் ‘கலைநயம்’ மிக்கதல்ல. பியர்ஸ் பிராஸ்னன் பாடுவதைக் கேட்டு விமர்சகர்கள் காதைப் பொத்திக் கொண்டார்கள். பிறகு எதற்காக வந்தார்கள் இந்தப் பெண்கள்?

ரிச்சர்ட் டயர் 1977இல் எழுதிய ‘பொழுதுபோக்கும் உட்டோப்பியாவும்’ என்ற கட்டுரை இங்கே உதவுகிறது. மியூசிக்கல் ஒரு நல்ல சமூகம் எப்படி அமையும் என்று சொல்வதில்லை, அதில் வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்று உணரவைக்கிறது என்பது அவர் வாதம். பற்றாக்குறைக்கு எதிரே தாராளம், களைப்புக்கு எதிரே துடிப்பு, சிதறலுக்கு எதிரே கூட்டுணர்வு என்று அது ஈடுகட்டுகிறது. ‘டான்சிங் குவீன்’ காட்சியைப் பாருங்கள். கடனில் ஓடும் ஓட்டலை ஒற்றை ஆளாக நடத்தித் தேய்ந்துபோன டோனா கட்டிலை விட்டுத் துள்ளி எழுகிறாள். தீவின் பெண்கள் செய்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அவள் பின்னால் துறைமுகம்வரை ஆடிக்கொண்டு போகிறார்கள். விறகு சுமந்த கிழவி சுமையைத் தூக்கி எறிகிறாள். அரங்கில் இருந்த பெண்ணுக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கிரேக்கப் பெண்களுக்குப் படத்தில் கதை கிடையாது. பாட்டு முடிந்ததும் பின்னணிக்குப் போய்விடுகிறார்கள். டோனாவின் விடுதலைக்கு அவர்கள் கோரஸ், அவ்வளவுதான். உட்டோப்பியாவுக்கும் விளிம்பு உண்டு.

4

அப்படியானால் கோடையில் மியூசிக்கல் விட்டால் காசு பார்த்துவிடலாம் என்பது சூத்திரமா? இல்லை. ஆடம் ஷாங்க்மன் இயக்கிய ‘ஹேர்ஸ்பிரே’ 2007 ஜூலையில் வந்து, 2.75 கோடியில் தொடங்கி 11.9 கோடியை எட்டியது. அதே ஷாங்க்மன் 2012 ஜூனில், டாம் குரூஸையும் சேர்த்துக்கொண்டு ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ எடுத்தார். 1.44 கோடியில் தொடங்கி 3.9 கோடிக்குள் படுத்துவிட்டது. யாருக்கான படம் என்பதை அதுவே தீர்மானித்துக் கொள்ளவில்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

2021 ஜூனில் ‘இன் தி ஹைட்ஸ்’ வந்தபோது விவகாரம் வேறு தளத்துக்குப் போனது. மன்ஹாட்டனின் வடகோடியில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின் கதை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். தொற்றுநோய்க்குப் பின் அரங்குகள் அப்போதுதான் மூச்சுவிட்டுக் கொண்டிருந்தன. அதே நாளில் படம் வீட்டுத் திரையிலும் கிடைத்தது. முதல் வாரக் கடைசி வசூல் 1.15 கோடி. அதற்குள் படத்தின் முதன்மைப் பாத்திரங்களில் கறுத்த தோல் கொண்டவர்கள் எங்கே என்ற கேள்வி அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எழ, லின்-மானுவல் மிராண்டா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். விளிம்புக்குள்ளும் ஒரு விளிம்பு. அந்த விவாதம் நியாயமானது. ஆனால் வசூலைப் பற்றிய பேச்சு போன திசை வேறு. ‘இந்த மாதிரிப் படங்களுக்கு ஆள் வருமா?’ என்பதாக அது சுருங்கிற்று.

‘கிரீன் லாண்டர்ன்’ 2011 கோடையில் கவிழ்ந்தது. அதற்காக ஸ்டூடியோக்கள் முகமூடி வீரர்களைக் கைவிட்டனவா? அங்கே தோற்பது ஒரு படம். இங்கே தோற்பதாகச் சொல்லப்படுவது ஒரு வகைமை, ஒரு சனக்கூட்டம். தோற்பதற்கும் மறுபடி முயல்வதற்கும் உள்ள உரிமை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. வசூல் கணிப்பின் அரசியல் இங்கேதான் இருக்கிறது.

2023 ஜூலை 21இல் நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ வந்த அதே நாளில், பாட்டும் ஆட்டமும் கலந்த ‘பார்பி’ வந்தது. இந்த முறை முதல் வாரக் கடைசியிலேயே பெண்கள் திரண்டார்கள், ‘பார்பி’ 16.2 கோடி, நோலன் 8.2 கோடி. அதற்கு அடுத்த டிசம்பரில் வந்த ‘வோன்கா’, ‘தி கலர் பர்ப்பிள்’ படங்களின் முன்னோட்டங்களோ, அவை மியூசிக்கல் என்பதையே முடிந்தவரை மறைத்தன. கூட்டம் வேண்டும், பாட்டு வெளியே தெரியக் கூடாது! அடுத்த கோடையில் ஒரு மியூசிக்கல் வரும்போதும் ‘தாங்குமா’ என்றுதான் கேட்பார்கள். எத்தனை நாளில் தாங்க வேண்டும், அந்த நாளை யார் நிர்ணயித்தது என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.